மரத்துக்கு 19,000, பூச்சுக்கு 28,000-ஆ?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து, பதினான்கு மாதத்தில் மகளுக்காக ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் செய்திருக்கிறேன். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்), கழுத்து மஹோகனி. உலோகத் தந்தி போடுவது. பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்திகளைப் பிடித்து நிற்கும் கட்டை) இன்னும் ஒட்டவில்லை. பூச்சுக்கு முன்பா பின்பா என்று குழப்பம். பூச்சுக்கு மூன்று இடத்தில் விசாரித்தேன். ஊரிலுள்ள ஃபர்னிச்சர் பாலிஷ்காரர் மெலமைன் அடித்து நான்கே நாளில் தருகிறேன், 4,500 ரூபாய் என்கிறார். கார் பெயின்டிங் ஷெட் வைத்திருக்கும் நண்பர் பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் அடிக்க 7,000 கேட்கிறார். வெளியூரில் கிட்டார் செய்யும் ஒருவர் நைட்ரோ லாக்கர், முழுப் பளபளப்பு, 28,000 ரூபாய், இரண்டரை மாதம் ஆகும் என்கிறார். "மரம் வாங்கினதே 19,000. பூச்சுக்கு 28,000-ஆ?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. மகள் தீபாவளிக்கு விடுதியிலிருந்து வருகிறாள், அதற்குள் முடித்துக் கையில் கொடுக்க ஆசை. பேசாமல் நானே பிரெஞ்சு பாலிஷ் போட்டுவிடலாமா?

பதில்: சார், முதலில் வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த 28,000 ஏமாற்று இல்லை. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி உங்களுக்குத் தேவையில்லாத ஒன்றுக்காகப் போகிறது. எது என்று சொல்கிறேன். நீங்கள் கணக்கு வாத்தியார், கணக்காகவே பார்த்துவிடலாம்.

என் பட்டறையில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாருக்கு முழுப் பளபளப்பில் நைட்ரோ அடித்தால், கை வேலை நேரம் இப்படிப் போகும். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தயார் செய்ய 5 மணி நேரம். ஈட்டி, மஹோகனி இரண்டிலும் மரத்துவாரங்கள் வாய் பிளந்திருக்கும், அவற்றை அடைக்க 4 மணி நேரம். எட்டுப் பத்து கோட் ஸ்ப்ரே அடிக்க, ஸ்ப்ரே கன் கழுவுவது உட்பட 6 மணி நேரம். அப்புறம் நான்கு வாரம் தொங்கவிட்டுக் காயப்போடுவது. அதற்குக் கூலி இல்லை, இடம்தான் அடைபடும். காய்ந்த பிறகு 800 நம்பரில் தொடங்கி 2000 நம்பர் வரை வாட்டர் பேப்பர் போட்டுச் சமன் செய்து, காம்பவுண்ட் வைத்து பஃபிங் பண்ண 9 மணி நேரம். பிரிட்ஜ் உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ண, சில்லறை வேலை பார்க்க 2 மணி நேரம். மொத்தம் 26. லாக்கர், தின்னர், தாள், காம்பவுண்டுக்கு ஒரு 4,000 கழித்தால் மீதி 24,000; மணிக்கு 920 ரூபாய் சொச்சம். அதற்குள்தான் கம்ப்ரஸர், புகை இழுக்கும் விசிறி, வாடகை, கரண்ட் எல்லாம்.

அதற்குள்தான் கைதவறலும். பல வருடம் முன்பு, ஓரம் கறுத்து நடுவில் தேன் நிறமாக மங்கும் சன்பர்ஸ்ட் அடித்த ஒரு கிட்டாரைக் கடைசிச் சமன் செய்யும்போது, இடுப்பு வளைவுக்குப் பக்கத்தில் விளிம்பில் தாள் ஒரு இழுப்பு கூடுதலாகப் போய்விட்டது. கறுப்புக்கு நடுவே ஒரு நகக்கண் அளவு வெள்ளை மரம் எட்டிப் பார்த்தது. முழு மேல்பலகையையும் சுரண்டி மறுபடி அடித்தேன். ஐந்து வார வேலை, வாடிக்கையாளரிடம் ஒரு பைசா கேட்க முடியாது. விலை சொல்கிற எவனும் இப்படி ஒரு நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்வான்.

இப்போது அந்தக் கணக்கை மறுபடி பாருங்கள். துவாரம் அடைப்பது, சமன் செய்வது, பஃபிங் ஆகிய மூன்றும் பளபளப்புக்காக மட்டுமே. 13 மணி நேரம், சரிபாதி. கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும் என்றால் ஒரு துவாரமும் பள்ளமும் இருக்கக் கூடாது. இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். சாட்டின் என்கிற மங்கல் பூச்சு போதும் என்றால் கன்னிலிருந்து வந்தபடியே வேலை முடிந்த மாதிரி. தூசி விழுந்த இடத்தை நீவிவிட்டால் போதும். ஈட்டியின் துவாரத்தை அடைக்காமல் விட்டாலும் அழகுதான். மரம் மரமாகத் தெரியும். கழுத்தின் பின்பக்கமோ சாட்டினில்தான் கை வழுக்கிக்கொண்டு போகும். பளபளப்பான கழுத்தில் நம் ஊர் வியர்வைக்குக் கட்டைவிரல் ஒட்டும். சாட்டினுக்கு ஒரு குணம் உண்டு: முழங்கை படும் இடம் இரண்டு வருடத்தில் தானாகப் பளபளக்கத் தொடங்கிவிடும். எனக்கு அது பிடிக்கும். உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தப் பூச்சு. மூன்று பேர் சொன்னதும் மூன்று வேறு சரக்கு, அதனால் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

மெலமைன் வேண்டாம். அமிலம் கலந்து இறுக வைக்கும் பூச்சு அது. காயும்போது கண்ணை எரிக்கிற வாடை வருமே, அது ஃபார்மால்டிஹைடு. டைனிங் டேபிளுக்கு நல்ல பூச்சுதான். ஆனால் டேபிள் அதிர வேண்டியதில்லை. உங்கள் ஸ்ப்ரூஸ் பலகை 3 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அதன் மேல் பூச்சு ஒரு ஜெராக்ஸ் தாள் கனம், அதாவது 0.1 மி.மீ., கூடிப்போனால் ஒன்றரைத் தாள் கனம்தான் இருக்கலாம். ஃபர்னிச்சர்காரருக்கு 'நல்லா தடிமனா இருக்கு சார்' என்பது பெருமை. கிட்டாருக்கு அதுவே போர்வை.

இது மேல்பலகைக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய கிட்டாரின் உருவத்தை வகுத்த ஸ்பெயின்காரர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸில் போட்டு ஒரு கிட்டார் கட்டினார். ஒலி பிறப்பது மேல்பலகையில்தான் என்று காட்டுவதற்காக. ஆகவே ஈட்டி முதுகில் அரைத்தாள் கனம் கூடினால் குடி முழுகாது. ஸ்ப்ரூஸில் கூடக் கூடாது.

நைட்ரோ என்றதும் ஏதோ ரகசிய மருந்து மாதிரி பேசுவார்கள். சங்கதி அவ்வளவு பெரிதல்ல. 1920-களில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி 'டூக்கோ' என்ற பெயரில் காருக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்தான் அது. கிட்டார்க் கம்பெனிகளும் அந்த வகை லாக்கரையே எடுத்துக்கொண்டன. நம் டிங்கரிங் ஷெட்டுகளில் இன்றைக்கும் எதை ஸ்ப்ரே அடித்தாலும் டூக்கோ என்கிறார்களே, அந்தப் பெயர்தான். நானே அப்படி ஒரு ஷெட்டில் பட்டி தேய்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். நைட்ரோவின் நல்ல குணம், புதுக் கோட் பழைய கோட்டைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பத்து வருடம் கழித்துக் கீறல் விழுந்தாலும் தடம் தெரியாமல் ஒட்டுப்போடலாம். மெல்லிசாகவும் முடிக்கலாம். கெட்ட குணங்களும் உண்டு. மஞ்சளாகும். வெடிப்பு விடும். ரப்பர், பிளாஸ்டிக் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தால் பட்ட இடம் பிசுபிசுத்துவிடும். கொசு கடிக்காமல் இருக்கத் தடவும் கிரீம்களில் சில அதைக் கரைத்தே விடும். கைக்குச் சானிடைசர் போட்டு, காயாமல் தொட்டாலும் தடம் விழும். விடுதி அறையில் இருக்கப்போகும் கிட்டார் என்கிறீர்கள். யோசியுங்கள்.

இன்னொன்று: ஹார்டுவேர் கடை டின்னில் வரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் மர சாமான்களுக்கானது. கிட்டாருக்கான லாக்கரில் வளைந்து கொடுக்கும் தன்மைக்காகச் சேர்மானம் கூடுதலாக இருக்கும். அந்த வெளியூர்க்காரரிடம் எந்த லாக்கர் என்று கேளுங்கள். டின்னைக் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

உங்கள் நண்பரின் பி.யூ. கிளியரை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். பூச்சு நல்ல பூச்சு, கிட்டார் செய்கிறவர்கள் பலரும் அதே இனத்தைத்தான் அடிக்கிறார்கள். வியர்வைக்கும் சானிடைசருக்கும் சட்டென்று அசையாது. தடை பூச்சில் இல்லை, ஷெட்டில் இருக்கிறது. கார் பாலிஷில் சிலிக்கான் உண்டு, அந்த ஷெட்டின் காற்றிலும் துணியிலும் கையிலும் அது இருக்கும். பூச்சில்லாத மரத்தில் ஒரு துளி பட்டால் போதும், மேலே அடிக்கிற கிளியர் அந்த இடத்தில் ஒதுங்கி, குட்டிக் குட்டிக் குழியாக நிற்கும்; மீன்கண் என்போம். மரத்துக்குள் இறங்கியதைத் துடைத்து எடுக்கவும் முடியாது. மேலும் ஈட்டி எண்ணெய்ப் பசையுள்ள மரம், பி.யூ. சில சமயம் அதன் மேல் சரியாக இறுகாமல் நிற்கும். முதலில் அரக்கு சீலர் ஒரு கை பூசி எண்ணெயை அடைக்க வேண்டும். தகடு அடித்துப் பழகியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பி.யூ.-வின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுவிடும் சரக்கு. துணி மாஸ்க் போதவே போதாது. ஆகவே 'நண்பரிடம் கன்னை இரவல் வாங்கி மொட்டை மாடியில் நானே அடிக்கிறேன்' என்ற யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. பாண்டவர்களை எரிக்க மாளிகை கட்டின அதே அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். அதைச் செதிலாக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பொட்டலத்தில் நனைத்து நூற்றுக்கணக்கான முறை தேய்த்து ஏற்றுவது. ஸ்பானிய கிட்டார்க்காரர்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் முறை. இவ்வளவு மெல்லிசாக வேறு எதுவும் வராது, காய்ந்த பிறகு விஷமும் இல்லை, சரக்குச் செலவு ஆயிரம் இரண்டாயிரம்தான். நீங்கள் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம், பதினான்கு மாதம் பொறுமையாக உட்கார்ந்த ஆளுக்கு இது வராமல் போகாது. ஆனால் இந்தக் கிட்டாருக்கு வேண்டாம். உலோகத் தந்தி, பிக் (தந்தியை மீட்டும் சின்ன வில்லை) வைத்து அடிப்பாள், சென்னையோ மதுரையோ எந்த விடுதியானாலும் வெயில், வியர்வை. கை படும் இடத்தில் முதல் வருடமே வெளுக்கும். உங்களுக்கென்று நைலான் தந்தி கிட்டார் ஒன்று செய்வீர்களே, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். (செய்வீர்கள். ஒன்றோடு நிறுத்திய ஆளை நான் பார்த்ததில்லை.)

ஆக என் யோசனை இதுதான். மூன்றாவது ஆளிடமே போங்கள், வேலையை மாற்றிக் கேளுங்கள். மெல்லிய பி.யூ. சாட்டின், ஈட்டியில் துவாரம் அடைக்க வேண்டாம், மரத் தயாரிப்பு முழுக்க நானே செய்துகொண்டு வருகிறேன், நீங்கள் சரிபார்த்து அடித்தால் போதும், என்ன ஆகும்? என் பட்டறைக் கணக்கில் இது 13,000-லிருந்து 15,000-க்குள் நிற்கும். அவர் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நாளும் மிச்சம்: நைட்ரோ மாதிரி ஒரு மாதம் காயவிட வேண்டாம்.

ஆனால் தயாரிப்பு என்றால் உண்மையிலேயே தயாரிப்பு. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பலகைக்குப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். பகலில் பட்டுப்போல் தெரிந்த பலகையில் குறுக்குக் கோடுகள் உழவு சால் மாதிரி எழுந்து நிற்கும். அவை 120 நம்பர் உப்புத்தாள் விட்டுப்போன தடங்கள். பூச்சு அவற்றை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். 150, 180, 220 என்று ஒன்றைக்கூடத் தாண்டாமல், இழை ஓட்டத்தோடு மட்டும் தேய்த்து, ஸ்ப்ரூஸை 320-இல் நிறுத்துங்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. ஈரமாக இருக்கும் அந்த அரை நிமிடத்தில் கண் இமைக்காமல் பாருங்கள். பைண்டிங் (பலகை விளிம்பில் ஓடும் பட்டை) ஓரத்திலும், கழுத்து சேரும் முனையிலும், எங்கேயாவது மரம் நிறம் மாறாமல் வெளிறி நின்றால் அங்கே பசை ஊறியிருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டு, சுரண்டி எடுங்கள். பதற்றத்தில் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பக்கப் பலகை 2 மி.மீ.தான், இடுப்பு வளைவில் அது இன்னும் சீக்கிரம் தேயும். எண்ணெய் தடவிய தலையோடு குனியாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், நெற்றி பட்ட தடம் பூச்சுக்கடியில் தெரிந்த கேஸ் ஒன்று எனக்கே வந்திருக்கிறது.

பிரிட்ஜ் பூச்சுக்குப் பின்புதான். லைட் செட் என்கிற மெல்லிய தந்திகளைப் போட்டாலும் ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது மரத்தோடு மரம் ஒட்டிய பசை. ஒருவர் ஆசையாகச் செய்த கிட்டார் என்னிடம் வந்தது. பிரிட்ஜைத் தனியாகக் கையில் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தால் அடியில் தோல் உரிந்த மாதிரி லாக்கர் படலம், பசை முழுசாக. பசை ஒன்றும் தோற்கவில்லை. பூச்சின் மேல் ஒட்டியதால் பூச்சே மரத்தை விட்டு வந்துவிட்டது. பிரிட்ஜின் அளவுக்கு ஒரு சுற்று உள்ளே தள்ளி டேப் ஒட்டி மறைத்துத்தான் அடிக்க வேண்டும். அந்த டேப்பை நீங்களே ஒட்டிக் கொடுங்கள், இடம் உங்களுக்குத்தான் தெரியும். விரல் வைத்து அழுத்தும் ஃபிரெட்போர்டையும் மறைக்க வேண்டும். சவுண்ட் ஹோலில் பஞ்சோ காகிதமோ திணிக்க வேண்டும், உள்ளே பூச்சு போகக் கூடாது.

பணம் கொடுப்பதில், பாதி முன்பணம் என்பது வழக்கம், அதற்கு மேல் கேட்டால் யோசியுங்கள். பேசியதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் 'சரி' என்று போட்ட பிறகு பணம் அனுப்புங்கள். என்ன பூச்சு, சாட்டினா பளபளப்பா, எந்தத் தேதி என்பதோடு, எல்லோரும் விட்டுவிடும் இரண்டு விஷயங்கள் அதில் இருக்கட்டும். தேய்க்கும்போது ஓட்டை விழுந்தாலோ பூச்சு கெட்டாலோ மறுபடி அடிக்கும் செலவு யாருடையது? ஆறு மாதத்துக்குள் பூச்சு உள்வாங்கினாலோ உரிந்தாலோ இலவசமாகச் சரிசெய்து தருவாரா? நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். உங்கள் பங்குக்கு, நீங்கள் விட்ட பசைக் கறையும் தாள் தடமும் அவர் தலையில் விழாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வாங்கியதும் பார்த்துச் சொல்லட்டும், திருத்த வேண்டியிருந்தால் மணிக் கூலி தனி.

தீபாவளி ஆசையைத்தான் விட வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஸ்ப்ரே அடிக்கிற வேலையை நான் எடுப்பதில்லை. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சிக்குக் காற்றிலுள்ள ஈரம் பூச்சில் இறங்கி, பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். பி.யூ.-வுக்கும் ஈரம் ஆகாது, குமிழி விடும். மரமும் அப்போது ஈரம் குடித்து உப்பியிருக்கும். அந்த நிலையில் மூடினால் பங்குனி வெயிலில் சுருங்கும்போது பைண்டிங் ஓரத்தில் கோடு விடும். உங்கள் ஊருக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் சொல்கிறேன், தை பிறந்த பிறகு கொடுங்கள். தீபாவளிக்கு மகளிடம் வெறும் மரமாகவே காட்டுங்கள், கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தொடச் சொல்லி. சாட்டினா பளபளப்பா என்று அவளே முடிவு செய்யட்டும்.

கொண்டுபோகும்போது, வெட்டி மிச்சமான ஈட்டித் துண்டும் ஸ்ப்ரூஸ் துண்டும் ஒவ்வொன்று, உங்கள் பலகைக்குப் போட்ட அதே தாள் வரிசை போட்டு எடுத்துப்போங்கள். முதலில் அதில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு கிட்டாரைக் கொடுங்கள். பார்சலில் போட வேண்டாம். பூச்சில்லாத ஸ்ப்ரூஸில் நகம் பட்டாலே தடம் விழும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ரயிலில் மேல் பெர்த்தில் பக்கத்தில் படுக்க வைத்துக் கூட்டிப்போங்கள்.